எப்போதிருந்து நொண்டுகிறாள்

செப்டம்பர் 15, 1996

அன்புள்ள மார்லாவுக்கு,

நானும் டெஸ்ஸியும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? அங்கே கொடுக்கும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். சிறையில் உனக்குக் கொடுப்பதே பதினைந்து நிமிடம். அதில் பத்து நிமிடம் சண்டை போடுகிறோம், மீதி ஐந்து நிமிடம் இருவரும் சும்மா இருக்கிறோம். எனக்கு எழுதினால்தான் வார்த்தை வருகிறது.

டெஸ்ஸி இரண்டாம் வகுப்புக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. கணக்கு நன்றாகப் போடுகிறாள். போன வாரம் விளையாட்டு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க மருமக இடது காலை இழுத்து இழுத்து நடக்குறா. நீங்க பாக்கலையா?" என்றார். பார்த்தேன்தான். புது ஷூ கடிக்கிறது என்று நினைத்தேன். ஷூவை மாற்றியும் அப்படியேதான் நடக்கிறாள். கேட்டால் முட்டியைக் காட்டுகிறாள், உடனே "ஒண்ணுமில்ல மாமா" என்கிறாள்.

ஊர் மருத்துவர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வளரும் பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று அனுப்பிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. வயலில் நீர் பாய்ச்சும் எந்திரம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் நான் சக்கரத்தோடு நிற்கமாட்டேன், மேலே ஏறி கியரைப் பார்ப்பேன். கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில்தான் இருக்கும்.

உன்னோடு இருந்தபோது இப்படி நடந்தாளா? எப்போதிருந்து என்று எழுது.

உன் அண்ணன்,
லைல்


செப்டம்பர் 27, 1996

அன்புள்ள அண்ணா,

இருமல் போய்விட்டது. என்னைச் சலவைக் கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நானூறு முட்டை உடைக்கிறேன். இனி வாழ்நாளில் முட்டையைத் தொடமாட்டேன்.

டெஸ்ஸியின் முன்பல் விழுந்ததா? தலை வாரும்போது கீழே இருந்து மேலே சிக்கெடு, மேலிருந்து இழுத்தால் கத்துவாள். பள்ளியில் மிளகாய்ப் பீன்ஸ் குழம்பு போடும் நாளில் அவள் சாப்பிடமாட்டாள், இலவங்கப்பட்டை ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு வருவாள். அன்றைக்கு வீட்டில் ஏதாவது செய்து வை. அவள் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறாள்? இன்னும் என்னைப் பற்றிக் கேட்கிறாளா? கேட்டால் என்ன சொல்கிறாய்?

காலைப் பற்றிக் கவலைப்படாதே. ஓடியாடுகிற பிள்ளை, எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பாள். தானாகச் சரியாகிவிடும்.

அவளுக்கு என் ஆயிரம் முத்தம்.

உன் தங்கை,
மார்லா


அக்டோபர் 20, 1996

அன்புள்ள மார்லாவுக்கு,

நான் சுகம். டெஸ்ஸியைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

வகுப்பில் கீழே உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அடுத்த ஊரில் உள்ள எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முட்டியைத் தொடவே இல்லை, இடுப்பைப் படம் எடுத்தார். தொடை எலும்பின் மேல்முனையில் ஓர் உருண்டை இருக்கிறது. அது இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம். அவளுக்கு இடது பக்கத்து உருண்டைக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. பெர்த்திஸ் என்று நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். எலும்பு செத்து நொறுங்கி, பிறகு தானே மறுபடி வளருமாம். உருண்டையாக வளருமா, சப்பையாக வளருமா என்பதுதான் விஷயம் என்றார். சப்பையாக வளர்ந்தால் ஆயுளுக்கும் நொண்டிதான்.

"ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றேன். "நான் பெரியவங்களுக்குப் பண்றவன். வளர்ற எலும்புல கத்தி வெக்கிறது வேற வேலை. குழந்தைங்களுக்குன்னே படிச்ச எலும்பு சர்ஜனைத் தேடுங்க. சீக்கிரம் தேடுங்க" என்றார். எங்கே தேடுவது என்று கேட்டேன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

பள்ளி அலுவலகத்தில் இருக்கும் டோரீனைத் தெரியுமே, பெரிய குரல்காரி, அவள் தன் மேசைப் போனைக் கொடுத்திருக்கிறாள். மதியம் நான் வயலிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்து ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகக் கூப்பிடுகிறேன். டென்வர்தான் பக்கம், ஆனால் அது வேறு மாநிலம். டெஸ்ஸிக்கு உள்ள அரசுக் காப்பீட்டை அங்கே ஏற்க அனுமதி வர ஆறு மாதம் ஆகலாம் என்றார்கள்.

கூப்பிடுகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: எப்போதிருந்து நொண்டுகிறாள்? போன கடிதத்தில் நீ அதற்குப் பதில் எழுதவில்லை. யோசித்து எழுது.

லைல்


நவம்பர் 1, 1996

அண்ணா,

உன் கடிதத்தைச் சமையல்கட்டில் நின்றுகொண்டே படித்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு என்ன வேலை செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

உன் வீட்டுப் படிக்கட்டு ஆடுகிறது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அதில் விழுந்தாளா? பிக்கப் வண்டியில் ஏறி இறங்கி வயல் வயலாக உன்னோடு அலைகிறாளே, குதித்தாளா? ஒரு சின்னப் பெண்ணை இப்படியா பார்த்துக்கொள்வது?

என்னிடம் இருந்தவரை அவளுக்கு ஒன்றும் இல்லை. மே மாதம் என்னைக் கைதுசெய்த அன்று உன் வண்டியில் ஏறினாளே, நன்றாகத்தான் நடந்து வந்து ஏறினாள். நீயே பார்த்தாய். அப்படியே டாக்டரிடம் சொல்.

அவள் வலியில் அழுகிறாளா?

மார்லா


டிசம்பர் 4, 1996

அன்புள்ள மார்லாவுக்கு,

இங்கே முழங்கால் வரை பனி. இருவருக்கும் சளி, வேறொன்றும் இல்லை. உனக்குக் கனத்த சட்டை கொடுத்தார்களா?

படிக்கட்டு விஷயம்: அவள் விழவில்லை. இந்த நோய் விழுவதால் வருவதில்லை, யாருக்கும் காரணம் தெரியாது என்று டாக்டரே சொன்னார். இருந்தாலும் படியைப் பிரித்துப் புதிதாக அடித்துவிட்டேன்.

டாக்டர் கிடைத்துவிட்டார். அதற்குள் பட்டது கொஞ்சமல்ல. ஓரிடத்தில் ஏப்ரலுக்கு முன் நேரம் இல்லை என்றார்கள். ஓரிடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்றுவிட்டாராம். மூன்றாவது இடத்தில் என்னைக் காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். அப்போதுதான் டோரீன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "இங்க பாரும்மா, பாட்டு கேக்கவா நாங்க கூப்பிட்டோம்? எங்க பொண்ணு எழுந்திரிக்க முடியாம கிடக்கா. குழந்தைங்க எலும்பைப் பாக்கறவங்க பேரு ஒண்ணு சொல்லு, நான் வெச்சிடறேன்" என்று கத்தினாள். அந்தப் பெண் ஒரு பெயர் சொன்னாள்: நம் மாநிலத்திலேயே, ஒமாஹாவில் டாக்டர் பெக்வித். ஆறு மணி நேரம் வண்டியோட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஐம்பது வயதுப் பெண்மணி. என்னோடு பேசுவதற்கு முன்னால் டெஸ்ஸியை நடக்கவிட்டுப் பார்த்தார். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் படத்தை விளக்குப் பலகையில் மாட்டியதும் அவர் முகம் மாறியது.

"நாலஞ்சு மாசம்தான் ஆச்சுன்னு சொல்றீங்க. எலும்பு அப்படிச் சொல்லலையே" என்றார்.

"அவங்க அம்மா அப்படித்தான் எழுதியிருக்கா" என்றேன்.

நோய் புதியதென்றால் எலும்பு இன்னும் மெத்தென்று இருக்கும். தொடை எலும்பை வெட்டி உட்பக்கமாகச் சாய்த்து, உருண்டையைக் குழிக்குள் இருத்தினால் குழியின் வடிவத்துக்கே வளர்ந்துவிடும். பழையதென்றால் அது ஏற்கெனவே சப்பையாக இறுகியிருக்கும், அப்போது அதே ஆபரேஷன் கெடுதல் செய்யும். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சில பிள்ளைகளுக்கு வேகமாக நொறுங்குவதும் உண்டு என்றார். நாம் சொல்லும் தேதியை நம்பி ஜனவரி 23 குறித்திருக்கிறார்.

டெஸ்ஸியையும் கேட்டார். "எப்போ வலிக்க ஆரம்பிச்சுதுடா கண்ணு?" அவள் தரையைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல" என்றாள். திரும்பி வரும் வழியில் நார்த் பிளாட் ஊரைத் தாண்டிய பிறகு கேட்டாள்: "மாமா, நான் ஏதாவது சொன்னா அம்மாவுக்குத் திட்டு விழுமா?" என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

இதைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை.

சம்மதப் பத்திரம் உள்ளே இருக்கிறது. என் கையெழுத்து செல்லாது, தாய் போட வேண்டும், நோட்டரி முத்திரையோடு. உடனே அனுப்பு.

லைல்


டிசம்பர் 21, 1996

மார்லா,

பத்திரம் வரவில்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? சிறை அலுவலகத்தைக் கூப்பிட்டேன், நீ நன்றாக இருக்கிறாய் என்றார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டெஸ்ஸி வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

லைல்


ஜனவரி 3, 1997

மார்லா,

இன்னும் இருபது நாள். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள். பத்திரத்தை அனுப்பு.

லைல்


ஜனவரி 7, 1997

அன்புள்ள அண்ணா,

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நோட்டரி பார்ப்பவர் இங்கே வாரம் ஒருமுறைதான் வருவார், ஆனால் தாமதத்துக்கு அது காரணமில்லை. அவர் நான்கு முறை வந்து போனார். நான்தான் போகவில்லை.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இங்கே யாராவது படிக்கலாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

1995 மார்ச். அவளுக்கு ஆறு வயது முடிந்த அடுத்த வாரம். பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த சைக்கிளிலிருந்து இறங்கும்போது காலை ஊன்றாமல் நின்றாள். நான் பார்த்தேன். ஏப்ரலில் தினமும் நொண்டினாள். பள்ளி நர்ஸ் ஒரு சீட்டு எழுதி அவள் பையில் ஊசி குத்தி அனுப்பியிருந்தாள்: டாக்டரிடம் காட்டுங்கள், அடுத்த வாரம் நான் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று. அந்தச் சமயத்தில் என் சமையல் மேசைமேல் எவ்வளவு போதைத்தூள் இருந்தது, அதை வாங்க யார் யார் வந்து போனார்கள் என்று உனக்குத் தெரியும். நர்ஸ் உள்ளே வந்தால் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

சீட்டைக் கிழித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு, டாக்டரைப் பார்த்தாயிற்று, சுளுக்குதான் என்று சொன்னேன். பிறகு டெஸ்ஸியைச் சுவரோரம் நிற்கவைத்து நேராக நடக்கப் பழக்கினேன். பழக்கினேன் என்றா எழுதினேன்? மிரட்டினேன். "வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா உன்னையும் என்னையும் பிரிச்சிடுவாங்க" என்றேன். காலையில் பள்ளிக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை கொடுப்பேன். என் பேச்சைக் கேட்கிற பிள்ளை அவள். ஒரு வருஷம் நேராக நடந்தாள்.

மே மாதம் உன் வண்டியில் நன்றாக நடந்து வந்துதான் ஏறினாள். அது பொய்யில்லை. எப்படி நடந்தாள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

நீ டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் சமூக நலத்துறைக்குச் சொல்வார், அவர்கள் என்ன செய்வார்கள் என்று இங்கே பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். சொல்.

டெஸ்ஸியின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்லா


பிப்ரவரி 2, 1997

மார்லா,

உன் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. மூன்று வாரமாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அப்போதெல்லாம் எழுதியிருந்தால் நீ படிக்கக்கூடாததை எழுதியிருப்பேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒமாஹா போனேன், டாக்டரிடமே கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். இருபத்திமூன்றாம் தேதி ஆபரேஷனை நிறுத்திவிட்டார். அன்றைக்கு டெஸ்ஸிக்கு மயக்கம் கொடுத்து, மூட்டுக்குள் சாயம் விட்டு, காலை அசைத்து அசைத்துப் படம் எடுத்தார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உருண்டை முன்னமே சப்பையா இறுகிடுச்சு. கால விரிச்சா குழி ஓரத்துல இடிக்குது. நான் நெனச்சிருந்தத பண்ணியிருந்தா கால விரிக்கவே முடியாமப் போயிருக்கும்" என்றார். இனி எலும்பை எதிர்ப்பக்கமாகத் திருப்பித் தகடு வைக்க வேண்டும். பிப்ரவரி 12. வலி குறையும். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும், நடையில் தெரியும். நாற்பது வயதில் செயற்கை மூட்டு வைக்க வேண்டிவரலாம். அப்போதே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டேன். அவர் படத்தை எடுத்து உறைக்குள் போட்டார்.

நலத்துறைக்குச் சொல்ல வேண்டியது தன் கடமை என்றார். நான் தடுக்கவில்லை.

திரும்பும்போது டெஸ்ஸியிடம் சொன்னேன். "அம்மா டாக்டருக்கு எல்லாம் எழுதிட்டா."

"எல்லாமா?"

"நர்ஸ் சீட்டு, மாத்திரை, எல்லாம்."

கார்னி என்ற ஊருக்குப் பக்கத்தில் கேட்டாள்: "அப்போ வலிக்குதுன்னு சொல்லலாமா மாமா?"

"சொல்லலாம்."

"இப்பவேவா?"

"இப்பவே சொல்லு."

"வலிக்குது மாமா" என்றாள். ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அவள் அழுது முடிக்கும்வரை லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

உன்னைத் திட்ட எனக்கு எல்லா உரிமையும் இருந்திருக்கும், ஒன்று மட்டும் இல்லாமல் இருந்தால். நீ கைதாவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இருவரும் வந்தீர்களே, அவள் பனியில் விளையாடப் போகாமல் சன்னலோரமே நின்றாள். சோபாவிலிருந்து கையை ஊன்றி எழுந்தாள். நான் பார்த்தேன். கேட்டால் உன் வீட்டுக்கு வர வேண்டிவரும், வந்தால் மேசைமேல் இருப்பதைப் பார்க்க வேண்டிவரும். "சோம்பேறிக் கழுதை, போய் விளையாடு" என்று அவளை விரட்டினேன். அதை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

லைல்


பிப்ரவரி 13, 1997

மார்லா,

நேற்று நான்கு மணி நேரம் நடந்தது. நன்றாக முடிந்தது என்று டாக்டர் பெக்வித் சொன்னார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஐஸ்கிரீம் கேட்டாள், கொடுத்ததும் வாந்தி எடுத்தாள், மறுபடி கேட்டாள்.

லைல்


மார்ச் 1, 1997

அன்புள்ள அண்ணா,

ஆபரேஷன் முடிந்தது என்ற உன் கடிதம் வந்த நாளில் என்னை முட்டை வேலையிலிருந்து விட்டுவிட்டார்கள். என்னால் ஒன்றையும் உடைக்காமல் பிடிக்க முடியவில்லை என்று மேற்பார்வைக்காரிக்குச் சிரிப்பு.

நலத்துறையிலிருந்து ஒருத்தி வந்தாள். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். நான் இங்கிருந்து வந்தாலும் நீதிபதி சொல்லும்வரை டெஸ்ஸி உன் பொறுப்பு. அதற்கான தாளில் என் கையெழுத்து வேண்டும் என்றாள். இந்தத் தடவை நோட்டரி வந்த முதல் நாளே போனேன்.

உன் சோபா விஷயத்தைப் படித்தேன். அன்றைக்கு நீ கேட்டிருந்தால் உன்னிடமும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

கட்டுக்குள் அரித்தால் பென்சிலை விடுவாள், விடவிடாதே.

மார்லா


ஏப்ரல் 20, 1997

அன்புள்ள மார்லாவுக்கு,

எல்லாரும் நலம். கட்டுப் பிரித்தாயிற்று. டெஸ்ஸி நான்கு கால் தாங்கியைப் பிடித்து நடக்கிறாள். பள்ளியில் டோரீன் தன் மேசைப் பக்கத்தில் ஒரு மெத்தை நாற்காலி போட்டுவைத்திருக்கிறாள், டெஸ்ஸி மகாராணி மாதிரி அதில் உட்கார்ந்துகொண்டு போன் எடுக்கிறாளாம்.

உன்னைப் பார்க்க வருகிறாளா என்று கேட்டேன். "யோசிச்சு சொல்றேன்" என்றாள். வற்புறுத்தவில்லை. ஒன்பது நாள் யோசித்தாள். நேற்று முட்டை தின்றுகொண்டே, "மே மாசம் போலாம். ஆனா நான்தான் பேசுவேன்" என்றாள். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மே 17 சனிக்கிழமை வருகிறோம்.

லைல்


மே 19, 1997

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் மழை என்று டிவியில் சொன்னார்கள்.

வாசலில் உலோகச் சோதனை எந்திரம் கத்தியதைப் பற்றித்தான் இங்கே இரண்டு நாளாகப் பேச்சு. காவலர் பெண்ணே வந்து எனக்கு நடித்துக் காட்டினாள். "பாக்கெட்ல என்ன பாப்பா?" "பாக்கெட்ல இல்ல, எலும்புல. தகடு ஒண்ணு, ஸ்குரூ ஆறு. வேணும்னா மாமாகிட்ட டாக்டர் லெட்டர் இருக்கு, படிச்சுக்கோங்க."

அவள் வந்து உட்கார்ந்ததும் நீ தின்பண்ட எந்திரத்தடியில் போய் நின்றுகொண்டாய். ஒரு மணி நேரம் ஒரு மனுஷன் சிப்ஸ் தேர்ந்தெடுப்பானா? வேண்டுமென்றே போனாய் என்று தெரியும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். "இரு, நான் மொதல்ல" என்றாள். ஆரம்பித்தாள். படியேறினால் இங்கே வலிக்கிறது. மழை வந்தால் உள்ளே வலிக்கிறது. தழும்பில் துணி பட்டால் எரிகிறது. குட்டைக் காலுக்குக் கொடுத்த தடித்த ஷூ அசிங்கமாக இருக்கிறது. வகுப்பில் ஒருவன் அவளைப் போல நடந்து காட்டுகிறான். மாமா முட்டையைக் கருக்கிவிடுகிறார். சுவரோரம் நிற்கவைத்தது வலித்தது. மாத்திரை கசந்தது, அதை விழுங்காமல் சில நாள் மெத்தைக்கு அடியில் வைத்தாள், அன்றைக்கெல்லாம் இன்னும் அதிகமாக வலித்தது. ஒவ்வொன்றுக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் ஒன்றுக்கும் சமாதானம் சொல்லவில்லை. சரி, சரி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அழாமல் கேட்டேன் அண்ணா. அழுதால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். நான் கட்டிப்பிடிக்கக் கை நீட்டினேன். அவள் வரவில்லை. தாங்கியைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். நான்கு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் முடியல" என்றாள். "மிச்சத்த அடுத்த மாசம் வந்து சொல்றேன்."

அழைத்துக்கொண்டு வா. உன் உடம்பையும் கவனி.

உன் தங்கை,
மார்லா